முப்பத்தொன்பது நொடிகளில் ஒரு பிறை

ஜனவரி 6, செவ்வாய்

வைகறையில் எழுந்து வழிபாட்டை முடித்தபின் மறைநூலில் இன்றைய பகுதியைப் படித்தேன். கண்கள் படித்தன, நான் படிக்கவில்லை.

மகள் எனக்கு முன்பே எழுந்து அடுப்படியில் இருந்தாள். உறங்கினாயா என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். கேட்டால் "தூங்கினேன்ப்பா" என்பாள். அவள் கண்ணின் கீழே படிந்திருக்கும் கருமை வேறு சொல்லும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்க எனக்குத் திராணியில்லை.

அவள் இங்கே வந்து இன்றோடு பதினோரு வாரம். தாயின் இறுதிக் காரியங்கள் முடிந்ததும் தன் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அலுவலகத்துக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு என்னுடனேயே தங்கிவிட்டாள். மாப்பிள்ளை ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் பேருந்தில் வந்து, மனைவியைப் பார்த்துவிட்டு, மறுபடி இரண்டு மணி நேரம் பேருந்தில் போகிறார்.

எந்த அழைப்பானாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாள். குளிக்கும்போதும் போன் சோப்புப் பெட்டியில் இருக்கிறது. இன்று எண் மாறி ஒரு லாரிக்காரர் அழைத்து, செங்கல் இறக்க வேண்டிய தெரு எது என்று கேட்டார். இவள் ஈரத்தலையோடு நின்று, அக்கம்பக்கத்தில் விசாரித்து, வழி சொல்லிவிட்டே வைத்தாள். "தப்பான நம்பர் என்று சொல்லிவிட வேண்டியதுதானே?" என்றேன். "பாவம்ப்பா. யாருமே எடுக்கலைன்னா அந்த ஆள் என்ன பண்ணுவார்?" என்றாள்.

நான் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

மதியம் மகள் இரண்டு வாய்தான் உண்டாள். எனக்குக் குறைவின்றிப் பரிமாறினாள். நானும் குறைவின்றி உண்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

மாப்பிள்ளை வந்திருந்தார். செயற்கைப் பல் செய்யும் தொழில் அவருக்கு; விரலிடுக்கில் எப்போதும் வெள்ளைச் சாந்து ஒட்டியிருக்கும். மகள் கடைக்குப் போன நேரத்தில் என்னருகே வந்து உட்கார்ந்தார்.

"மாமா, ஊர்ல பல்லில்லாத ஆளையெல்லாம் சிரிக்க வைக்கிறேன். வீட்ல ஒருத்தி, முப்பத்திரண்டு பல்லும் இருக்கு, சிரிக்க மாட்டேங்கிறா."

நான் சிரிக்க முயன்றேன். அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த ஆறு முப்பத்திநாலுதான் மாமா. போனை எடுத்து அதையே பார்த்துக்கிட்டிருக்கா. அழிச்சிடுன்னா என்னை அடிக்க வர்றா. நீங்க சொன்னா கேப்பா. உங்க வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு."

ஆறு முப்பத்துநான்கு. அக்டோபர் இருபத்திரண்டாம் நாள் மாலை, அடுப்படியில் நெஞ்சுவலி கண்ட என் மனைவி மகளை அழைத்த நேரம். மகள் அப்போது அலுவலகக் கூட்டத்தில் இருந்தாள். அழைப்பைத் துண்டித்து, 'அப்புறம் கூப்பிடறேன்மா' என்று ஒரு செய்தி அனுப்பினாள். நான் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது மணி ஆறு நாற்பத்தாறு. மனைவி தரையில் கிடந்தாள், கையில் போன், அதில் அந்தச் செய்தி. மூச்சு இருந்தது. மருத்துவமனை வாசலை அடையும்போது இல்லை. "ஒரு கால் மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா..." என்று மருத்துவர் தொடங்கி நிறுத்தினார். நிறுத்தியதை மகள் தானே முடித்துக்கொண்டாள். தான் போனை எடுத்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாள் என்பது அவள் முடிவு.

மாப்பிள்ளைக்கு நான் என்ன சொன்னேன்? இறப்பின் நேரத்தை எழுதுவது மனிதர் கையல்ல என்று மறையிலிருந்து எடுத்துச் சொன்னேன். அவர் கைகூப்பினார்.

ஜனவரி 13, செவ்வாய்

நாற்பது ஆண்டுகள் வானிலை நிலையத்தில் பதிவாளனாக இருந்தவன் நான். காற்று, வெப்பம், முகில், மழை ஆகியவற்றை அந்தந்த மணிக்கு அந்தந்தக் கருவியின் முன் நின்று பார்த்து எழுதினேன். மழையில் நனைய விரும்பாமல் அறைக்குள் உட்கார்ந்தபடியே ஓர் எண்ணை ஊகித்து எழுதிய சக ஊழியரை நானே மேலிடத்துக்குக் காட்டிக்கொடுத்தேன். அவருக்கு வேலை போயிற்று. எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

அப்படிப்பட்டவன் இதே நோட்டில் அக்டோபர் இருபத்திரண்டாம் நாள் எழுதியிருப்பதை இன்று திருப்பிப் பார்த்தேன். 'மாடியில் பிறையைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். அவள் அழைத்திருந்தாலும் எனக்குக் கேட்கவில்லை.'

கேட்டது.

எழுதிவிட்டேன். இனி ஒழுங்காக எழுதுகிறேன்.

அமாவாசைக் கணத்திலிருந்து எண்ணினால், அன்று பிறைக்கு வயது பதினெட்டு மணி நேரம்கூட நிரம்பவில்லை. அவ்வளவு இளம்பிறையை நான் அதற்கு முன் படமாகப் பிடித்ததில்லை. கதிரவன் ஆறு பன்னிரண்டுக்கு மறைந்தது. அந்தி வெளிச்சத்தின் நடுவே, மேற்கே, தண்ணீர்த் தொட்டிக்கு இடப்பக்கம், ஆறு இருபத்தெட்டுக்கு அது கண்ணில் பட்டது. கோடுகூட இல்லை, கோட்டின் ஐயம். கண்ணை எடுத்தால் தொலைந்துவிடும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் புகைமூட்டத்துக்குள் இறங்கிவிடும். மறுபடி அப்படியொரு வானம் எத்தனை ஆண்டுக்குப் பிறகோ. இந்த வேலையின் இயல்பு அது.

ஆறு இருபத்தொன்பதுக்குக் காமிராவை ஓடவிட்டேன். இத்தகைய பிறையை ஒற்றைப் படமாக எடுத்தால் வானத்தின் வெளுப்பில் கரைந்துவிடும். ஆகவே சில நொடிகள் வீடியோவாக எடுத்து, பிறகு கணினியில் அதன் நூற்றுக்கணக்கான சட்டகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோம். அடுக்க அடுக்க வானம் அடங்கும், பிறை எழும். வீடியோவோடு பதிவாகும் ஒலியை யாரும் பொருட்படுத்துவதில்லை.

கீழேயிருந்து அவள் அழைத்தாள். ஒரே ஒரு முறை.

"ஏங்க... கொஞ்சம் வாங்களேன்."

"இரு, இரு. இப்பத்தான் வந்திருக்கு" என்றேன்.

அவள் இருந்தாள்.

முக்கியமென்றால் மறுபடி அழைப்பாள் என்று நினைத்தேன். மறுபடி அழைக்க மாட்டாள் என்பதை அறியாதவனா நான்? மணமான புதிதில் ஒருநாள் பிறை நேரத்தில் அவள் நாலைந்து முறை கூப்பிட்டாள். நான் பதறித் திரும்பியதில் முக்காலி இடறிக் காமிரா சரிந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அதன்பின் நானே விதித்தேன்: பிறை நேரத்தில் அழைப்பதானால் ஒரே முறை, கேட்டதா என்று சோதிக்கக் கூடாது, முடித்துவிட்டு நானே வருவேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் அவள் அதை மீறியதில்லை. அன்றும் மீறவில்லை. எனக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து மகளை அழைத்தாள்.

நான் மேலும் ஆறு பதிவுகள் எடுத்தேன். லென்ஸைத் துடைத்து உறையிலிட்டேன். உறையின் பித்தானைக்கூட மாட்டினேன்.

டிசம்பரில் மகள் கேட்டாள், "அம்மா இருந்த கடைசி சாயங்காலம்ப்பா. அந்தப் படம் இருக்கா?" அவளுக்காக அடுக்க உட்கார்ந்தபோதுதான் ஒலியைக் கேட்டேன். அதற்குள், உண்மையிலேயே எனக்குக் கேட்கவில்லை என்று நானே பாதி நம்பத் தொடங்கியிருந்தேன். முதல் பதிவு முப்பத்தொன்பது நொடி. அவள் குரல் ஒன்பதாம் நொடியில். மற்ற பதிவுகள் மங்கல். அந்த ஒன்றுதான் தெளிவு. அந்தப் பிறை முழுவதும் அந்த நொடிகளால் ஆனது.

படத்தை அச்சிட்டு மகளிடம் கொடுத்தேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

ஜனவரி 19, திங்கள்

பிறை நாள். போக வேண்டாமென்றிருந்தேன். மகள் விடவில்லை. "அம்மா போனதுலேர்ந்து மேலேயே போகலை நீங்க. வாங்க, நானும் வர்றேன்" என்று முக்காலியைத் தானே தூக்கிக்கொண்டாள். படியில் இருமுறை நின்று மூச்சு வாங்கினாள். முப்பத்தைந்து வயதுப் பெண்.

செக்கர் அடங்கும்வரை இருவரும் மேற்கைப் பார்த்து நின்றோம். காட்டினேன், கண்டுகொண்டாள். "அம்மா இதைப் பார்த்திருக்காங்களா?" என்றாள்.

"பார்த்திருக்கிறாள். பழைய பாட்டிலெல்லாம் பிறையை எதெதற்கு உவமை சொன்னார்கள் என்று நான் விரித்துக்கொண்டிருந்தேன். 'வெட்டிப்போட்ட நகம் மாதிரி இருக்கு, இதுக்கா இந்தப் பாடு' என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்."

மகள் புன்னகைத்தாள். பல வாரத்துக்குப் பின். பிறகு மாடிச்சுவரைப் பிடித்துக் கீழே அடுப்படி ஜன்னலைப் பார்த்தாள்.

"அங்கேருந்து கூப்பிட்டா இங்க கேக்காது இல்லப்பா?"

"காற்றிருந்தால் கேட்காது."

"அன்னைக்குக் காத்து இருந்துச்சா?"

"இருந்தது."

என் அன்றைய குறிப்பில் என் கையெழுத்திலேயே இருக்கிறது — காற்று: இல்லை.

ஜனவரி 27, செவ்வாய்

வான்நோக்கர் கழகத்தின் செயலாளர் வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவர் வரும் மாலையெல்லாம் வானம் மூடிக்கொள்வதால் கழகத்தில் அவருக்கு 'மேகம்' என்று பெயர். மனைவிகூட அப்படித்தான் அழைப்பதாகக் கேள்வி. துக்கம் விசாரிக்க வந்தவர், சுவரிலிருந்த படத்தைக் கண்டதும் துக்கத்தை மறந்துவிட்டார்.

"அண்ணே! இது என்ன பிறையா, லென்ஸ்ல விழுந்த முடியா? எத்தனை மணி நேரம்?"

"பதினேழே முக்கால்."

"அடப்பாவி மனுஷா! இதை வீட்டுச் சுவத்துல மாட்டி வச்சிருக்கீங்களே! மார்ச்ல நூலக மண்டபத்துல கண்காட்சி. நடுச்சுவர் உங்களுக்குத்தான்." குரலைத் தாழ்த்தினார். "மூணு வருஷம் முன்னாடி ஒருத்தன் கணினியில வரைஞ்சு குடுத்தானே, ஞாபகம் இருக்கா? அதுலேர்ந்து அசல் வீடியோவையும் வாங்கிப் பார்த்துட்டுத்தான் மாட்டறோம். உங்களைச் சந்தேகப்படுவேனா? இருந்தாலும் விதின்னு ஒண்ணு."

நான் வாய் திறக்குமுன் மகள், "நான் எடுத்துத் தர்றேன் மாமா" என்றாள்.

பிப்ரவரி 2, திங்கள்

மகள் கண்காட்சிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். தலைப்பு என்னும் இடத்தில் 'அம்மாவின் கடைசி அந்தி' என்று எழுதியிருந்தாள். திருத்தமான எழுத்து, தாயின் கையெழுத்துச் சாயல்.

"அந்தக் கார்டு எங்கப்பா? வீடியோவைக் காப்பி பண்ணணும்."

"பழுதாகிவிட்டது" என்றேன்.

"அப்படியா? கடையில குடுத்தா மீட்டுத் தருவாங்கப்பா. எங்க வச்சிருக்கீங்க?"

"தேடுகிறேன்."

காமிராவிலிருந்து அதைக் கழற்றி மறைநூலின் உறைக்குள் செருகினேன். வேறு இடமே கிடைக்கவில்லையா எனக்கு?

பிப்ரவரி 3, செவ்வாய்

அழித்துவிடலாமென்று கணினியில் செருகினேன். அழிக்கவில்லை. நல்ல எண்ணத்தால் அல்ல. அவள் குரல் வேறெங்கும் என்னிடம் இல்லை.

பிப்ரவரி 9, திங்கள்

காய்கறிக் கடை வரிசையில் மகள் மயங்கி விழுந்துவிட்டாள். பக்கத்து மருந்துக்கடைப் பெண் தண்ணீர் தெளித்து உட்காரவைத்து எனக்குச் சொல்லி அனுப்பினாள். மருத்துவர் எடை பார்த்தார். அக்டோபருக்குப் பின் ஒன்பது கிலோ இறங்கியிருக்கிறாள். "இப்படியே போனா நான் சேர்த்துக்கத்தான் வேண்டியிருக்கும்" என்றார்.

மாப்பிள்ளை வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் கையில் அவள் அலுவலகத்துக் கடிதம்: மார்ச் இரண்டாம் தேதிக்குள் சேராவிட்டால் வேலை இல்லை. மகள் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

"அம்மா கூப்பிட்டப்ப இந்த வேலைதானே பெருசா இருந்துச்சு? இனி எதுக்கு இது?"

"உன் உடம்பைப் பாரு முதல்ல. கண்ணாடியில பார்த்தியா? நான் செய்யற பல்செட்டுக்குக்கூட உன்னைவிடச் சதை இருக்கு" என்றார் மாப்பிள்ளை.

அவள் என்னைப் பார்த்தாள். "அப்பாவையாவது ஒழுங்கா பார்த்துக்கிறேன். அம்மாவுக்குச் செய்யாததை இவருக்காவது செய்யறேன்."

எனக்கு மாத்திரை வேளை ஆகியிருந்தது. எழுந்துபோய் அதையும் எடுத்துக்கொண்டு வந்தாள், தண்ணீரோடு.

நான் விழுங்கினேன். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. ஏன் சொல்லவில்லை? சொன்னால் போய்விடுவாள். அதுதான் காரணம். வேறு எந்த அழகான காரணமும் இல்லை. இந்த வயதில், இந்த வீட்டில், தனியாக — பயம். அவ்வளவுதான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வழிபாட்டு மன்றத்தில் என் முறை. இறைவனின் இரக்கத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். சொற்கள் தாமாகவே வந்தன. நாற்பது ஆண்டுப் பழக்கம். பின்வரிசையில் மகள் சுவரில் சாய்ந்து கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கியதும் ஒரு முதியவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஐயா, உங்க வாயால கேட்டா மனசு லேசாகுது."

கையை உருவிக்கொள்ள வேண்டியிருந்தது.

பிப்ரவரி 18, புதன்

சொல்லிவிட்டேன்.

பிறை நாள் என்பதால் மாலை மாடிக்கு வரச்சொல்லி மகள் மறுபடி கூப்பிட்டாள். முக்காலியை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன். உட்காரச் சொன்னேன். எழுதிவைத்துப் படிப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னேன்: அம்மா உன்னை அழைப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே என்னை அழைத்தாள். எனக்குக் கேட்டது. பதிலும் சொன்னேன். இறங்கவில்லை. பதினேழு நிமிடம் இறங்கவில்லை.

அழுவாள், கத்துவாள், எழுந்து போவாள் — எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக இருந்தேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்காகத்தானே சொல்றீங்க? நான் மயங்கி விழுந்ததுல பயந்துட்டீங்க. பாரத்தை உங்க மேல தூக்கிப் போட்டுக்கிட்டா நான் சாப்பிடுவேன்னு பார்க்கிறீங்க."

"இல்லையம்மா. உண்மை."

"அப்பா... நீங்க பொய் சொல்லிப் பழகலை. அதான் முகத்துல தெரியுது."

என் முகத்தில் அவளுக்கு அது தெரிந்ததாம்! இறைவா, நாற்பது ஆண்டுகள் எனக்கு நானே கட்டி எழுப்பிய மதிப்பு எவ்வளவு உறுதியாக நிற்கிறது. அதை இடிக்க என் வாக்கே போதவில்லை.

நன்றாக உறங்குங்கள் என்று என் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 19, வியாழன்

காலை வழிபாட்டுக்குப் பின் மறைநூலின் உறையிலிருந்து கார்டை எடுத்தேன். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கணினியை அவள் முன் வைத்து, ஒலியை முழுதாகத் திறந்து, ஓடவிட்டேன்.

திரையில் வெளிறிய வானமும், நடுங்கும் அந்தக் கோடும். காக்கைகள். எங்கோ ஒரு மோட்டார்.

*ஏங்க... கொஞ்சம் வாங்களேன்.*

*இரு, இரு. இப்பத்தான் வந்திருக்கு.*

அதன்பின் காக்கைகள் மட்டும், முடியும்வரை.

மகள் கையில் தலையணை உறை. அதை மடிக்கவுமில்லை, வைக்கவுமில்லை.

"இன்னொரு தடவை" என்றாள்.

ஓடவிட்டேன்.

"ஒரு தடவைதான் கூப்பிட்டாங்களா?"

"ஆமாம்."

"ஏன் மறுபடி கூப்பிடலை?"

நான் விதித்ததைச் சொன்னேன். முக்காலி சரிந்தது, இரண்டு நாள் பேசாதது, முப்பத்தெட்டு ஆண்டு — எல்லாம். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். முன்பே தெரிந்த ஒன்றை நான் தாமதமாகச் சொல்வதுபோல் ஆட்டினாள். சிறுமியாக இருக்கையில் அவளுக்கும் அந்த விதி உண்டு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எனக்குப் போன் பண்ணினப்பகூட ஒரு தடவைதான்..." என்று தொடங்கி, முடிக்கவில்லை. பிறகு வேறு குரலில் பேசினாள்.

"நாலு மாசம்ப்பா. நாலு மாசமா என்னைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டீங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்பைப் பற்றி மறையில் உள்ள ஒரு பகுதி நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அதை எப்படிக் கண்டாளோ, "வேணாம். எதையும் எடுத்துச் சொல்லாதீங்க. சாமியை நடுவுல இழுக்காதீங்க" என்றாள்.

கார்டைக் கழற்றித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "இது என்கிட்ட இருக்கட்டும்."

மாப்பிள்ளை மதியம் வந்து அழைத்துப்போனார். போகும்போது என் மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து மேசைமேல் வைத்திருந்தாள். அது மட்டும் ஏன் செய்தாள்? கை பழகியதால் இருக்கலாம்.

பிப்ரவரி 20, வெள்ளி

சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்று தெரியவில்லை. கேட்பதற்கு இரண்டு பேர் இருந்தார்கள்.

மார்ச் 1, ஞாயிறு

மகளை அழைத்தேன். மணி அடித்து நின்றது. மறுபடி அழைக்கவில்லை.

மாலை மாப்பிள்ளை பேசினார். முன்புபோல் இல்லாமல், எண்ணி எண்ணி வைத்த சொற்கள். "அவ வேலைக்குச் சேரப்போறா மாமா, நாளைக்கு. இப்போதைக்கு நீங்க கூப்பிட வேணாம். வரவும் வேணாம்." பிறகு, "எனக்கும் கொஞ்ச நாள் ஆகும்" என்றார்.

நல்ல மனிதர். அதையாவது நேராகச் சொன்னார்.

மார்ச் 14, சனி

படத்தைக் கண்காட்சிக்குத் தரப்போவதில்லை என்று செயலாளரிடம் சொன்னேன். "அண்ணே, கிறுக்குப் பிடிச்சிருக்கா? நடுச்சுவத்துல ஆணியே அடிச்சாச்சு!" என்று கத்தினார். காரணம் கேட்டார். இனி ஒருவரிடமும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருந்ததால் அவரிடமும் உள்ளது உள்ளபடி சொன்னேன். கேட்டுமுடித்ததும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார். "நானா இருந்தாலும் அந்த நேரம் இறங்கியிருக்க மாட்டேன் அண்ணே" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உள்ளபடியே சொன்னாரா, தெரியவில்லை; முகம் வெளுத்திருந்தது. தேநீரைக் குடிக்காமல் எழுந்துபோனார்.

மன்றத்திலும் சொல்லிவிட்டேன், இனி எனக்கு முறை வேண்டாம் என்று. தலைவர் வற்புறுத்தவில்லை. அதற்குள் செய்தி அவரை எட்டியிருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. பிறை நாள். மாடிக்குப் போகவில்லை. இதைத் தவமென்றோ கழுவாயென்றோ எழுதிவைத்தால் அது இன்னொரு பொய். கால் ஏறவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 2, வியாழன்

மறைநூலை இன்று பாதியில் மூடினேன். எந்த வரியைத் தொட்டாலும் அதை மேடையில் நான் விளக்கிய குரல் முந்திக்கொண்டு வருகிறது. அந்தக் குரல் ஓயட்டும், பிறகு படிக்கிறேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பிற்பகல் மூன்று மணிக்கு மாப்பிள்ளையிடமிருந்து போன். ஏழு வாரத்துக்குப் பின். தெருவில் நின்று பேசுவதுபோல் இரைச்சல்.

"மாமா, நேத்து வீட்ல பெரிய சண்டை."

"என்ன ஆயிற்று?"

"நான் பல்லு அச்சு எடுக்கிற சாந்தைக் கழுவி அடுப்படித் தொட்டியிலேயே ஊத்திட்டேன். அடைச்சுக்கிச்சு. கல்லு மாதிரி ஆயிடுச்சு. 'அறிவிருக்கா உனக்கு, இது வீடா பட்டறையா'ன்னு ஆரம்பிச்சா பாருங்க, என் கல்யாண நாள்லேர்ந்து ஒரு தப்பு விடாம எடுத்துப் போட்டா. ஒரு கிண்ணத்தைத் தூக்கி எறிஞ்சா மாமா. குறி தப்பிடுச்சு." சிரித்தார். சிரிப்பு நீண்டு, மூக்கை உறிஞ்சும் சத்தமாக முடிந்தது. "அப்புறம் ரெண்டு பேர் சாப்பாட்டை ஒருத்தியா சாப்பிட்டுட்டுப் படுத்தா. இன்னைக்குக் காலையில எட்டு மணிக்குத்தான் எழுந்தா. அதை உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

"எட்டு மணி வரையா?"

"எட்டு மணி வரை."

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "என்னைப் பற்றி ஏதாவது...?"

"இல்ல மாமா. உங்க பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. இதுகூட வாசலுக்கு வந்துதான்—"

அவருக்குப் பின்னால் கதவு திறக்கும் ஓசை. "யாருகிட்ட பேசறே அங்க?" என்று மகளின் குரல்.

"சாந்துக் கடைக்காரர்" என்றார் மாப்பிள்ளை. வைத்துவிட்டார்.

நல்ல உரத்த குரலில் கேட்டாள். மாடி வரை எட்டியிருக்கும்.